வெறும் றோட்டில் பழகிய சைக்கிள்

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்றுதான் முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 செப்ரெம்பரில் ஒரு காலை, வேலைக்குப் போகும் வழியில், யாழ்ப்பாணத்தில் நாச்சிமார் கோயிலடிக்குக் கிட்ட ஒரு கடை வாசலில் நின்ற வானின் சாரதிப் பக்கக் கதவு சடாரென்று திறந்தது. கதவின் விளிம்பு ஹாண்டிலின் இடது முனையில் பட்டது மட்டும்தான் தெரியும். அடுத்து, காங்கேசன்துறை வீதியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வலது தோள் அடிபடக் கிடக்கிறேன். ஒரு முழம் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிளின் முன்சில்லு. அதை ஓடிவந்த பெடியன் முகம் வெளிறி நிற்கிறான். என் சாப்பாட்டுப் பெட்டி திறந்து, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தாரில் கொட்டுண்டு கிடக்கின்றன.

வான்காரர் என்னைவிட மூத்தவர். "தம்பி, நான் காணேல்லை, சத்தியமாக் காணேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் கண்டிருப்பார், பார்க்கவில்லை. ஆனால் நானும் அவரைப் பார்க்கவில்லையே என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. வான் நிற்பது தெரிந்தது. அதற்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

கடைக்காரர் என்னை நிழலில் இருத்தினார். யாரோ 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தார்கள். அந்த இலவச அம்புலன்ஸ் எங்கள் பக்கத்துக்கு 2018 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முதல் என்றால் அதே வானில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வலது காறையெலும்பு முறிவு. கையைக் கழுத்தில் தொங்கப்போட்டபடி ஆறு கிழமை.

அந்த ஆறு கிழமையில் யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் சைக்கிள் பழகியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. பொருளாதாரத் தடை. கார் வைத்திருந்தவர்கள் அதைக் கொட்டிலுக்குள் விட்டுச் சாக்கால் மூடினார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். மிச்சம் எல்லாம் சைக்கிள்தான். விறகு, பால், நெல்லு மூட்டை, பிரசவத்துக்குப் போகும் பெண், எல்லாரும் எல்லாமும் கரியரில். மின்சாரம் இல்லாததால் அப்பா தன் றலி சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்பார். சுற்றுவது எங்கள் வேலை. கை நோகிறது என்று வேகத்தைக் குறைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

நான் அந்த றலியில் பாருக்குக் கீழே கால் விட்டு ஓடப் பழகினேன். றோட்டில் என்ன இருந்தது? குண்டும் குழியும், ஆடு, மாடு, எங்களைப் போல வேறு சைக்கிள்கள். நாலு பேர் அணிவகுத்து நடுறோட்டில் கதைத்துக்கொண்டே போவோம். திரும்ப வேண்டும் என்றால் திரும்பினோம். யாரிலாவது முட்டினால் முழங்கால் உரசும், அவ்வளவுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு, எங்கள் ஊர் இருக்கும் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது எங்கள் சைக்கிளில் அரிசி மூட்டையும் அதன்மேல் அம்மம்மாவும். அன்றைக்கு நாவற்குழி வரை அதை உழக்கவில்லை, சனத்துக்குள் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

இப்படிப் பழகிய கையும் காலும்தான் எனக்கு. என் வயதுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான்.

போர் முடிந்த பிறகு றோட்டு காபெற் றோட்டானது. லீசிங் வந்தது. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு ஒரு பழைய ஆல்ட்டோ கார். இணுவிலிலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். அதற்குக் கார். சந்தைக்குக் கார். மகளை ரியூசனுக்கு விடக் கார், ஏற்றக் கார். சைக்கிள் பின் பத்தியில் சிலந்தி கட்டிக் கிடந்தது. அப்பா மட்டும் தன்னுடையதை விடவில்லை.

2022 இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியோடு எல்லாம் திரும்பி வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஜூன் 26 ஆம் திகதி பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. அதற்கு அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். காரை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு இரவு அதற்குள் படுத்தேன். மூன்றாம் நாள் காலை நடந்து வீட்டுக்கு வந்து, சைக்கிளை எடுத்துக் கடைக்கு உருட்டினேன்.

சைக்கிள் கடை அண்ணை பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் இப்பதான் ஞாபகம் வந்து கொண்டு வாறியள். ரயர் இல்லை தம்பி. வந்தாலும் பழைய விலை இல்லை." ரயர் வெடித்து நூல் தெரிந்தது. ரியூப்பில் ஆறு ஒட்டு. எப்படியோ எங்கேயோ ஒரு சோடி ரயர் எடுத்துத் தந்தார்.

ஜூலை மாதம் முழுவதும் காங்கேசன்துறை வீதி எனக்குத் தொண்ணூறுகளாக இருந்தது. சத்தமே இல்லை. அரசாங்க உத்தியோகத்தர், ஆசிரியர், தாதியர், எல்லாரும் சைக்கிளில். தெரிந்தவரைக் கண்டால் பக்கத்தில் சேர்ந்து கதைத்துக்கொண்டு போகலாம். பிறகு ஓகஸ்ற்றில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது. கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. கொஞ்சம் கொஞ்சமாக வாகனங்கள் திரும்பின. றோட்டு மாறியது, நான் மாறவில்லை. வெறும் றோட்டில் ஓடும் பழக்கத்தோடு, நிறைந்த றோட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். கதவு வந்து அடித்தது இந்த இடைவெளியில்தான்.

கை கட்டுப் போட்டிருந்த நாள்களில் பஸ்ஸில் போய்வந்தேன். முன் இருக்கை கிடைத்தால் விடமாட்டேன். உயரத்திலிருந்து, சாரதியின் பக்கத்திலிருந்து, சைக்கிள்காரரைப் பார்ப்பது வேறு படிப்பு. முதல் விடயம், பஸ்ஸின் முன் இடது மூலைக்குக் கீழே போகும் சைக்கிள் சாரதிக்குத் தெரிவதே இல்லை. நான் அந்தப் பக்கம் எத்தனை முறை நுழைந்திருப்பேன்! பஸ் மெதுவாகிறது என்றால் இடப்பக்க இடுக்கால் முந்திவிடுவது எங்களுக்குப் பெரிய கெட்டித்தனம். அது தரிப்பிடத்துக்கு ஒதுங்குவதற்குத்தான் மெதுவாகிறது, இடுக்கு மூடிவிடும். மூடாவிட்டாலும் மிதிபலகையிலிருந்து இறங்குபவரில் முட்டுவோம். இப்போது பஸ் என்னை முந்திக்கொண்டு போய் இடது பக்கம் வெட்டினால் உழக்குவதை நிறுத்திவிட்டுப் பின்னால் நிற்கிறேன். சனம் இறங்கி ஏறும் வரை காத்திருப்பதால் வேலைக்குப் பிந்தியதாக நினைவில்லை.

இரண்டாவது, எங்கள் ஆட்கள் வலது பக்கம் திரும்பும் விதம். யன்னலால் பார்க்கும்போது எனக்கே நெஞ்சு படபடத்தது. ஒழுங்கை வரப்போகிறது என்றால் ஐம்பது யார் முன்பிருந்தே மெல்ல மெல்ல நடுறோட்டுக்குச் சரிவார்கள். வலது கையை இடுப்பளவில் விரலை மட்டும் விரித்துக் காட்டுவார்கள். தலை திரும்பாது. பின்னால் வருபவன் தன்னைக் காண்பான் என்ற நம்பிக்கை. வெறும் றோட்டுக் காலத்தில் பின்னால் வந்தது இன்னொரு சைக்கிள், மணி அடிப்பான். இப்போது வருவது ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆண்டுதோறும் இலங்கை றோட்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேல் சாகிறார்கள். அதில் நடந்தவர், சைக்கிளில் போனவர், மோட்டார் சைக்கிளில் போனவர், என்று தகரத்துக்குள் இல்லாதவர்களே எப்போதும் கூட.

கட்டுக் கழற்றியதும் முதலில் பழகியது பின்னால் பார்ப்பதைத்தான். சும்மா இலேசாகத் தெரியும் வேலை. செய்து பாருங்கள்: தலையை வலது தோளுக்கு மேலால் திருப்பினால் ஹாண்டிலும் சேர்ந்து வலது பக்கம் இழுக்கும். பார்க்கப் போய் நடுறோட்டுக்குப் போய்விடுவோம். பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் ஓடிப் பழகினேன். மகளை இருபது யார் பின்னால் நிறுத்தி, விரல் காட்டச் சொன்னேன். திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று நான் சொல்ல வேண்டும், சில்லு கோட்டை விட்டு விலகக் கூடாது. முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. "அப்பா, நீங்கள் என்ர விரலைப் பாக்கிறேல்ல, என்னைத்தான் பாக்கிறீங்கள்" என்றாள். உண்மைதான், கண் எங்கே நிற்கிறதோ அங்கே தேங்கிவிடுகிறது. ஒரு கணம் பார்த்து உடனே முன்னுக்குத் திரும்ப வேண்டும். ஹாண்டிலைப் பிடிக்கும் பிடியைத் தளர்த்தி, நாடியைத் தோளில் முட்டுவதுபோலக் கொண்டுபோனால் இழுப்புக் குறைகிறது. நாலாம் நாள் வந்துவிட்டது. பிறகு மகளும் பழகினாள், என்னைவிடச் சீக்கிரமாக.

பார்த்தும் இடம் கிடைக்காவிட்டால்? தட்டாதெருச் சந்தி மாதிரி இடங்களில் காலையில் இடமே கிடைக்காது. அப்படியான இடத்தில் நான் வலது பக்கம் திரும்புவதே இல்லை. இடது ஓரமாகவே சந்தியைத் தாண்டிப் போய், அங்கே இறங்கி நின்று, பிறகு குறுக்கே கடக்கிறேன். கிழவர் மாதிரிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாயே என்று ஒரு நண்பன் கேலி செய்தான். போகட்டும்.

கதவுக்கு வருகிறேன். நிற்கும் வாகனத்துக்கும் எனக்கும் இடையில் இப்போது ஒரு கதவின் அகலம் விடுகிறேன். ஒரு மீற்றருக்கு மேல். ஆரம்பத்தில் பயமாகத்தான் இருந்தது, பின்னால் வருபவன் ஹோர்ன் அடிப்பானே என்று. அடிக்கிறான். அடிப்பவன் என்னைக் கண்டுவிட்டான் என்று அர்த்தம். கதவுக்குள் இருப்பவர்தான் காணாதவர். இன்னொன்றும் உண்டு. கதவில் ஹாண்டிலின் இடது முனை பட்டால் சில்லு இடது பக்கம் மடியும், உடல் வலது பக்கம், ஓடும் வாகனங்களுக்குள் விழும். எனக்கு நடந்ததும் அதுதான். அந்தப் பெடியன் பிறேக் பிடித்திராவிட்டால் இதை எழுத ஆள் இல்லை. ஆகவே தூரத்திலேயே பார்க்கிறேன்: பின் லைற் இப்போதுதான் அணைந்ததா, இருக்கைக்கு மேலால் தலை தெரிகிறதா, சில்லு றோட்டுப் பக்கம் மடிந்து நிற்கிறதா. வரிசையாக நாலு வாகனம் நின்றால் இடையில் உள்ள இடைவெளிக்குள் புகுந்து புகுந்து வெளியே வரக் கூடாது. ஒரே நேர்கோட்டில் போனால் பின்னால் வருபவனுக்கும் நான் எங்கே இருப்பேன் என்று தெரியும்.

காரோடுபவனும் நான்தானே. நெதர்லாந்தில் கதவைத் தூரக் கையால் திறக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் சாரதி வலது பக்கம் இருப்பதால் அது இடது கை. இடது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்க் கதவைத் திறக்கும்போது உடம்பு தானாகத் திரும்பும், கண்ணாடியும் பின்னால் வரும் றோட்டும் கண்ணில் படும். ஒரு கிழமை செய்தால் பழகிவிடுகிறது. வீட்டில் மூன்று பேரும் இப்போது இப்படித்தான் திறக்கிறோம். தனியே நின்று பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

எங்கள் காபெற் றோட்டில் வேறோர் ஆபத்து இருக்கிறது, யாரும் பெரிதாகச் சொல்வதில்லை: அதன் ஓரம். தாருக்கு மேல் தார் போட்டுப் போட்டு றோட்டு உயர்ந்துவிட்டது. ஓரத்தில் மணலோ கிரவலோ மூன்று நாலு இஞ்சி பள்ளத்தில் கிடக்கும். பின்னால் லொறி ஹோர்ன் அடித்ததும் பதறி இறங்குவோம். இறங்குவது பிரச்சினை இல்லை. திரும்ப ஏறும்போது அவசரத்தில் ஓரத்தோடு ஓரமாகச் சாய்த்து ஏற்றப் பார்ப்போம். முன்சில்லு விளிம்பில் உரசிக்கொண்டே போகும், ஏறாது. உடம்பு மட்டும் றோட்டுப் பக்கம் போய்விடும். அப்படி விழுந்தால் விழுவது லொறிக்குப் பின்னால் வரும் வாகனத்துக்கு முன்னால். இறங்கிவிட்டால் நில்லுங்கள். காலை ஊன்றி, பின்னால் பார்த்து, சில்லை விளிம்புக்குச் செங்குத்தாகத் திருப்பி ஏற்றுங்கள்.

தண்டவாளத்துக்கும் இதே கணக்கு. 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. 24 வருடம். இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போய்விட்டன. பாதையில் வெங்காயம் காய வைத்த ஆட்களும் உண்டு. ரயிலைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. கொக்குவில், கோண்டாவில் பக்கத்துக் குறுக்கு ஒழுங்கைகளில் பாதை சாய்வாகக் கடக்கும் இடங்களில் சில்லு பள்ளத்துக்குள் மாட்டும், மழை நேரம் இரும்பு வழுக்கும். தண்டவாளத்தை நேர்க்குறுக்காக வெட்டுவதற்கு றோட்டின் அகலம் போதாவிட்டால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கடக்கும் பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வரும். ரயில் கிட்ட வரும் வரை பெரிதாகச் சத்தம் கேட்காது, அதுவும் காற்று எதிர்ப்பக்கம் அடித்தால்.

காற்று என்றதும் சோளகம். மே முடிவிலிருந்து செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். காலையில் இணுவிலிலிருந்து நகரத்துக்குத் தெற்கு நோக்கிப் போகும்போது நெஞ்சில் கையை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது அதே காற்று முதுகில் தட்டிக்கொண்டு வரும். மேடு பள்ளம் இல்லாத ஊருக்கு இதுதான் மலை. விடிய ஆறரைக்கு வெளிக்கிட்டால் காற்று இன்னும் எழும்பியிருக்காது, வெயிலும் இல்லை, முப்பது முப்பத்தைந்து நிமிடத்தில் போய்விடுவேன். எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் நாற்பத்தைந்து நிமிடமும் நனைந்த சேட்டும். அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சேட்டும் துவாயும் வைத்திருக்கிறேன். முதல் மாதம் எல்லாரும் அதைப் பற்றியே கதைத்தார்கள்.

சைக்கிள் கடை அண்ணையிடம் நான் கற்றதும் கொஞ்சம் உண்டு. பழைய 28 இஞ்சிச் சைக்கிளின் இரும்பு ரிம்மில் மழை பட்டால் பிறேக் பிடித்தும் பிடிக்காத மாதிரித்தான். அவர் சொன்னது: "மழையில ஓடேக்க சும்மாவே இடைக்கிடை பிறேக்கை மெல்லத் தொட்டு விடு தம்பி. தண்ணி துடைச்சுப்போடும். அவசரத்துக்குப் பிடிக்கேக்க கட்டை பிடிக்கும்." அவரே எனக்கு அலுமினிய ரிம் போட்ட லுமாலா சைக்கிள் ஒன்றைப் பழசில் தேடித் தந்தார். பிறேக் கட்டையில் கோடு தேய்ந்து மறைந்தால் மாற்றுகிறேன், விலை ஒரு பெரிய காசே இல்லை. செயினுக்குச் சமையல் எண்ணெய் விட்டால் அடிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

ஹெல்மெற் போடுகிறேன். ஊரில் சைக்கிளுக்கு ஹெல்மெற் போடுபவர் மிகக் குறைவு, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று நினைக்கிறார்கள். தலை தரையில் அடிபட்டால் உதவும். என் காறையெலும்பை அது காப்பாற்றியிருக்காது. பணம் ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பின்னுக்கு ஒரு சிவப்பு லைற் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மாரியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். காரில் வரும்போது பார்த்திருக்கிறேன்: எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்கு முன்னால் போகும் சைக்கிள் முழுதாக மறைந்துவிடும். கறுப்புச் சேட்டு, லைற் இல்லை என்றால் சாரதியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நாய்களைப் பற்றியும் ஒரு வரி. துரத்தினால் வேகமாக உழக்காதீர்கள். நின்று இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அதற்குச் சுவாரசியம் போய்விடும். கட்டாக்காலி மாடு வேறு விதம். அது றோட்டின் நடுவில் இரவு முழுக்கப் படுத்திருக்கும், அதற்கும் பின் லைற் இல்லை.

மகள் விடயத்தில் வீட்டில் பெரிய விவாதம். அவள் அப்போது தரம் பத்து. எனக்கு அடிபட்ட பிறகு மனைவி அவளைச் சைக்கிளில் விட மாட்டேன் என்று நின்றாள். நான் கணக்குக் காட்டினேன். ரியூசன் முடியும் நேரம் அந்த ஒழுங்கையில் பிள்ளைகளை ஏற்ற வரும் கார், வான், ஓட்டோ, எல்லாம் இரண்டு பக்கமும் நின்று, நடுவில் சைக்கிள்கள் நெளிந்து போகின்றன. பிள்ளைக்கு ஆபத்து என்று காரில் ஏற்றப் போகும் நாங்கள்தான் மற்றப் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து. மனைவி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமை நான் மகளோடு சேர்ந்து ஓடி, அவள் எங்கே பார்க்கிறாள், எங்கே பார்க்க மறக்கிறாள் என்று பின்னாலிருந்து பார்த்தேன். பாதையையும் மாற்றினோம்: பெரிய வீதியில் ஐந்து நிமிடம் மிச்சம், ஆனால் உள் ஒழுங்கையால் போனால் மூன்று இடத்தில் மட்டும்தான் வாகனம் குறுக்கிடும். தோழிகளோடு போகும்போது வரிசையாகப் போ என்றேன். "வரிசையாப் போனா எப்பிடிக் கதைக்கிறது?" என்று கேட்டாள். பதில் இல்லை. உள் ஒழுங்கையில் இரண்டு இரண்டாகப் போகலாம், வீதிக்கு வந்தால் ஒன்றன்பின் ஒன்று என்று முடிவானது.

காரை விற்றுவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விற்கவில்லை. 2020 இலிருந்து வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய ஆல்ட்டோவுக்கும் நான் வாங்கியதைவிட நல்ல விலை கேட்டார்கள். ஆனால் அம்மாவின் கிளினிக் நாள்கள் இருக்கின்றன, கிளிநொச்சியில் மனைவியின் ஆட்கள் இருக்கிறார்கள். செய்தது வேறு. அடிபடுவதற்கு முன் ஒரு மாதம் கார் எங்கெல்லாம் போனது என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், கியூஆர் கணக்குக்காக. எடுத்துப் பார்த்தால் அறுபத்துச் சொச்சம் ஓட்டங்களில் நாற்பதுக்கு மேல் மூன்று கிலோமீற்றருக்குள். பாண் வாங்க, கோயிலுக்கு, ரியூசனுக்கு, மருதனார்மடம் சந்தைக்கு. இவற்றைச் சைக்கிளுக்கு மாற்றினோம். சந்தைக்குக் கரியரில் கூடை கட்டினேன். பெரிய பூசணி தவிர எல்லாம் வரும். நகரத்துக்கு மழை நாளில் பஸ். பஸ்ஸில் போகும் நாள் வீட்டிலிருந்து சந்தி வரை சைக்கிள், தெரிந்த கடையில் பூட்டி நிறுத்திவிட்டு ஏறுவேன். காற்று மோசமான நாளிலும் அப்படித்தான். கார் இப்போது மாதத்தில் ஏழெட்டுத் தடவை வெளியே போகிறது.

எல்லாம் தனி மனிதன் பார்த்துக்கொள்வதோடு முடியாது என்பதும் எனக்குத் தெரியும். காங்கேசன்துறை வீதியின் ஓரக்கோட்டுக்கு வெளியே சைக்கிள் போகக்கூடிய ஒரு துண்டு இருக்கிறது. அதில்தான் வான்கள் நிற்கின்றன. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் ஊர் சைக்கிளை எவ்வளவு அழகாகச் சமாளிக்கிறது! வீதியை அடைத்து, ஒவ்வொரு வளவும் சைக்கிள் பாதுகாப்பு நிலையமாகி, இலக்கம் எழுதிய துண்டின் ஒரு பாதியை ஹாண்டிலில் கட்டி மறு பாதியைக் கையில் தருவார்கள். ஆயிரக்கணக்கில் சைக்கிள், ஒன்று மாறுவதில்லை. மிச்ச நாள்களில் நகரத்துக் கடைத்தெருவில் ஒரு சைக்கிளை நிழலில் நிறுத்த இடம் தேடி அலைகிறேன்.

2023 செப்ரெம்பரில் கியூஆர் நின்றது. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதியும் திறந்துவிட்டார்கள். அலுவலகத்தில் 2022 இல் சைக்கிளில் வந்தவர்களில் இப்போது நானும் இன்னும் இரண்டு பேரும். மற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் விட்டதற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, பயமும்தான். றோட்டு நிறைய நிறையச் சைக்கிள் குறைகிறது, சைக்கிள் குறையக் குறைய மிச்சம் இருப்பவரைச் சாரதிகள் எதிர்பார்ப்பதும் குறைகிறது.

அப்பாவுக்கு 76 வயது. இன்னும் அதே றலி. விடிய நாலரைக்கே, இருட்டோடு இருட்டாகப் பால் வாங்கப் போவார். பின் மட்காட்டில் அந்தக் காலத்தில் அடித்த வெள்ளைப் பெயின்ற் இப்போது கழுவிய நிறம். சொல்லிச் சொல்லிக் களைத்து, போன வருடம் ஒரு சிவப்பு லைற் வாங்கிச் சீற்றுக்குக் கீழே பூட்டிக் கொடுத்தேன். அடுத்த நாள் பார்த்தால் இல்லை. களவு போய்விட்டது என்று நினைத்துக் கேட்டேன். சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"சும்மா எரிஞ்சு பற்றறி முடிஞ்சுபோம். இருட்டினாப் போடுவம் எண்டு வைச்சிருக்கிறன்."